பிடிஎஸ் இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல், சாப்பாட்டுச் செலவையும் கல்விக் கடனிலேயே எடுக்கலாமா?

கோவில்பட்டி_கதிர்

வணக்கம். என் தங்கைக்குச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் பிடிஎஸ் இடம் கிடைத்திருக்கிறது. எம்பிபிஎஸ்ஸுக்கு மதிப்பெண் எட்டவில்லை. இன்னொரு வருடம் நீட் எழுத அவளுக்கு மனமில்லை. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரவில்லை. வந்திருந்தால் கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டியிருக்கும், நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு 2.5 லட்சம், நான்கு வருடம். ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சம், ஹவுஸ் சர்ஜன் என்கிற கடைசிப் பயிற்சி வருடத்தையும் சேர்த்தால் ஐந்து வருடம். ஆக மொத்தம் 15 லட்சம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தைக்கிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், சம்பளம் 21,000.

வங்கியில் கேட்டேன். 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், அதற்கு மேல் என்றால் வீட்டுப் பத்திரம் வேண்டும் என்கிறார்கள். இரண்டரை சென்ட்டில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. பத்திரத்தை வைத்து முழு 15 லட்சத்தையும் வாங்கிவிட்டால் ஐந்து வருடம் நிம்மதி என்கிறார் அப்பா. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒருவன்

தெருவுக்கு நாலு பல் கிளினிக் இருக்கிறது தம்பி. 15 லட்சம் கடன் வாங்கி பிடிஎஸ் எதற்கு? பி.எஸ்சி நர்சிங் சேர்த்துவிடுங்கள்.

பல்மருத்துவி_மதுரை

மேலே இருப்பவருக்கு: இடம் வாங்கிய பிள்ளையிடம் இதைப் பேசிப் பயன் இல்லை. கதிர் கேட்டது வேறு. நான் இரவு கிளினிக் முடித்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற_மேலாளர்

தம்பி, முப்பத்து நான்கு வருடம் ஒரு பொதுத்துறை வங்கியில் இருந்தேன். பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில், வாழ்க்கைச் செலவு கல்விக் கடனில் வருமா என்றால் வரும். வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே ஹாஸ்டல் கட்டணம் இருக்கிறது. வெளியே அறை எடுத்துத் தங்கினாலும் நியாயமான வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கணக்கில் எடுக்கலாம். புத்தகம், உபகரணம், சீருடை, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு மொத்தக் கட்டணத்தில் 20 சதவீதம் வரை கேட்கலாம். உங்கள் கணக்கில் 10 லட்சத்துக்கு 2 லட்சம். கல்லூரி வாங்கும் டெபாசிட்டுக்கு ரசீது இருந்தால் 10 சதவீதம் வரை. கிளையில் இதை யாரும் வலிய வந்து சொல்ல மாட்டார்கள். கட்டணம் மட்டும் என்றால் ஒரே டிடி, வேலை சுலபம். நானே மார்ச் மாத நெருக்கடியில் அப்படித்தான் செய்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

வரும் என்பதற்காக எடுக்க வேண்டுமா? இங்கேதான் கணக்கு. படிக்கிற ஐந்து வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனி வட்டிதான், கூட்டு வட்டி இல்லை. தவணை தொடங்கும் நாளில் அந்த வட்டி முழுவதும் அசலோடு சேர்ந்துவிடும்.

10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் ஹாஸ்டலுக்கு எடுத்த 1 லட்சம் ஆறு வருடம் கிடக்கும், வட்டி 60,000. இரண்டாம் வருடத்து லட்சத்துக்கு 50,000. இப்படியே 40, 30, 20. ஹாஸ்டலுக்காக எடுத்த 5 லட்சம் தவணை தொடங்கும்போது 7 லட்சம். கட்டணத்துக்கு எடுத்த 10 லட்சம் 14.5 லட்சம். மொத்தம் 21.5 லட்சம். பதினைந்து வருடத் தவணை போட்டாலும் மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் வரும். அதில் சாப்பாட்டுக்கும் கட்டிலுக்குமான பங்கு மட்டும் 7,500.

முதல் வருடம் மெஸ்ஸில் சாப்பிட்ட சாம்பார் சாதத்துக்கு உங்கள் தங்கை நாற்பதை நெருங்கும் வயதிலும் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

கோவில்பட்டி_கதிர்

சார், 23,000 என்பதைப் பார்த்து அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்படியானால் 7.5 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளவா? மீதியை எப்படிப் புரட்டுவது என்று தெரியவில்லை. இன்னொன்று, கடனை என் பெயரில் எடுத்தால் எனக்கு வருமான வரி மிச்சம் என்று கம்பெனி ஆடிட்டர் சொன்னார். சரியா?

ஓய்வுபெற்ற_மேலாளர்

ஆடிட்டரிடம் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். வருமான வரிச் சட்டத்தில் தனக்கு, வாழ்க்கைத் துணைக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி தன் பாதுகாப்பில் இருப்பவருக்கு எடுத்த கடன் வட்டிக்குத்தான் கழிவு. தங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 21,000 சம்பளத்துக்கு வரியே வராது என்பது வேறு கதை.

அதைவிட முக்கியமானது ஒன்று. பெற்றோர் வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு எடுத்த கடனுக்கு, தவணை தொடங்கும் வரையிலான வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் வருகிறதா என்று கிளையில் கேளுங்கள். வந்தால் தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பத்தோடேயே கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். படிப்பைப் பாதியில் விட்டால் சலுகை போய்விடும், அதையும் தங்கையிடம் சொல்லி வையுங்கள்.

7.5 லட்சத்தை மூன்று வருடக் கட்டணத்துக்கு எடுத்தால் வட்டி மட்டும் 3.75 லட்சம் ஏறும். அந்தச் சலுகை கிடைத்தால் அது பூஜ்யம். 7.5 லட்சம் 7.5 லட்சமாகவே நிற்கும். பதினைந்து வருடத்துக்கு மாதம் 8,000 சொச்சம்.

பல்மருத்துவி_மதுரை

சொன்னபடி வந்துவிட்டேன். மணி பதினொன்று, தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2011 இல் முடித்தேன். எனக்கும் ஹாஸ்டல் கடனில்தான். அப்பா அப்போது, "படிக்கிற பிள்ளை பசியோடு இருக்கக் கூடாது, எடு" என்றார். பசியோடு இருக்கவில்லை. ஆனால் முடித்து வெளியே வந்தபோது ஒரு கிளினிக்கில் எனக்குக் கொடுத்த முதல் சம்பளம் 8,000 ரூபாய். காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை, ஞாயிறு அரை நாள். அந்தச் சம்பளத்தில் தவணை எவ்வளவு என்று சொல்ல விருப்பமில்லை. என் தம்பி கட்டினான். இப்போது என் கிளினிக்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் 15,000 கொடுக்கிறேன். அதுவும் போதாது என்று எனக்கே தெரியும்.

கதிர், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஹவுஸ் சர்ஜன் முடிந்து ஒரு வருடத்தில் தவணை ஆரம்பம். அந்த ஒரு வருடம்தான் பெரும்பாலான பிள்ளைகள் எம்டிஎஸ் என்கிற மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு உட்காரும் வருடம். சம்பாதிக்க மாட்டார்கள். முதல் முறை கிடைக்காவிட்டால் இரண்டாவது முறை எழுதும்போது தவணை கதவைத் தட்டிவிடும். என் வகுப்பில் நன்றாகப் படித்த இரண்டு பேர் எம்டிஎஸ் ஆசையை விட்டது மார்க்கினால் அல்ல, இதனால்தான். படிக்கும்போது குறைவாக எடுத்த ஒவ்வொரு ரூபாயும் அந்த வருடத்தில்தான் மூச்சு விட இடம் கொடுக்கும்.

ஹவுஸ் சர்ஜன் வருடத்து ஸ்டைபண்டை, அதாவது மாத உதவித்தொகையை, நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். அரசுக் கல்லூரியில் வரும். நான் படித்த இடத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாம்_வருடம்

நான் இப்போது பிடிஎஸ் மூன்றாம் வருடம், தனியார் கல்லூரி, கடனில்தான் படிக்கிறேன். மேலே எல்லோரும் ஹாஸ்டலையே பேசுகிறீர்கள். ஹாஸ்டலாவது முன்கூட்டியே தெரிந்த தொகை. தெரியாத செலவுகள் வேறு இருக்கின்றன.

முதல் வருடம் பெரிதாக இல்லை. பல் வடிவத்தைச் செதுக்க மெழுகுக் கட்டிகள், செதுக்கும் கத்தி, ஏப்ரன், ரெக்கார்டு நோட்டு. செதுக்கிச் செதுக்கி உடைந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் வருடம் ப்ரீ கிளினிக்கல், அதாவது பொம்மையில் பழகும் பயிற்சி, தொடங்கியதும் பட்டியல் நீளும். டைப்போடான்ட் என்கிற பல்செட் பொம்மை, ஏரோட்டர் என்கிற பல் குடையும் கருவி, அதில் மாட்டும் பர் வகைகள், தாடை அசைவைக் காட்டும் ஆர்டிகுலேட்டர், செட்டிங் செய்யும் பற்கள், அக்ரிலிக். கல்லூரி வாசலிலேயே கடைக்காரர் வந்து மொத்த செட்டாக விற்பார். எல்லோரும் வாங்குகிறார்களே என்று நானும் வாங்கினேன். அதில் பாதியைப் பிரிக்கவே இல்லை.

மூன்றாம் வருடத்திலிருந்து நோயாளிகள். அங்கேதான் கோட்டா.

கோவில்பட்டி_கதிர்

கோட்டா என்றால்? அட்மிஷனில்தானே கோட்டா?

மூன்றாம்_வருடம்

இது வேறு கோட்டா அண்ணா. ஒவ்வொரு துறையிலும் இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை பேருக்குப் பல் சுத்தம் செய்ய வேண்டும், இத்தனை அடைப்பு, இத்தனை பல்செட் என்று எண்ணிக்கை இருக்கும். அதை முடித்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். முழுப் பல்செட் வைக்க ஒரு தாத்தாவோ பாட்டியோ ஐந்தாறு தடவை வர வேண்டும். இரண்டாவது தடவைக்குப் பிறகு வர மாட்டேன் என்பார்கள். அப்போது பஸ் காசு கொடுத்து, மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து அழைத்து வருவோம். கல்லூரிக் கவுன்டரில் அவர்கள் கட்ட வேண்டிய பணத்தையும் பல சமயம் நாங்களே கட்டுவோம். போன மாதம் எனக்கு இப்படிப் போனது 3,400 ரூபாய். என் மாதச் சாப்பாட்டுச் செலவைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

இதற்கு எந்த வங்கியில் ரசீது காட்டுவது? "பாட்டிக்கு ஆட்டோ 180" என்றா?

பல்மருத்துவி_மதுரை

சிரித்துவிட்டேன், ஆனால் நூற்றுக்கு நூறு உண்மை. என் முதல் பல்செட் நோயாளி என் சொந்தப் பெரியப்பா. மதுரையிலிருந்து வரவழைத்து ஹாஸ்டல் நண்பன் அறையில் தங்கவைத்தேன். இன்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் முறுக்கு கடிக்கிறார்.

ஓய்வுபெற்ற_மேலாளர்

பாட்டியின் ஆட்டோவுக்கு ரசீது கிடையாது, சரிதான். ஆனால் உபகரணத்துக்கு உண்டு. கடையில் கொட்டேஷன் வாங்கிக் கிளையில் கொடுத்தால் கடைக்கே பணம் போகும். அல்லது நீங்கள் வாங்கிவிட்டுப் பில் கொடுத்தால் மாணவி கணக்குக்கு வரும். இதற்குக் கடன் அனுமதியாகும்போதே அந்தத் தலைப்பு அதில் இருக்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் போய், "சார், ஏரோட்டர் வாங்கணும்" என்றால் அங்கே புதிதாக வந்திருக்கும் மேலாளர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரிப்பார்.

கதிர், அதனால் விண்ணப்பத்தில் கட்டணம், ஹாஸ்டல், உபகரணம் மூன்று தலைப்பும் 7.5 லட்சத்துக்குள் வரும்படி பிரித்துக் கேளுங்கள். அனுமதியானதை எல்லாம் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. எடுக்காத பணத்துக்கு வட்டியும் இல்லை. ஹாஸ்டல் தலைப்பு ஒரு குடை மாதிரி இருக்கட்டும். மழை வந்தால் விரியுங்கள். 4 லட்சத்துக்கு மேல் போகும் கடனில் 5 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும். நீங்கள் பாதிக்குப் பாதி போடப் போகிறீர்கள், அதனால் அது பிரச்சினையே இல்லை.

டெக்சாஸ்_தமிழ்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இங்கே என் நண்பரின் மகள் பல் மருத்துவம் படிக்கிறாள். அமெரிக்காவில் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு இவ்வளவு என்று கல்லூரியே ஒரு தொகை வைத்திருக்கும். கட்டணம் போக மீதிக் கடன் நேராக மாணவி கணக்குக்கு வந்துவிடும். கையில் மொத்தமாக வருவதால் செமஸ்டரின் முதல் மாதம் திருவிழா, கடைசி மாதம் நூடுல்ஸ். கிராட் பிளஸ் என்ற அரசுக் கடனில் 2025–26க்கு வட்டி 8.94 சதவீதம், அதுவும் வாங்கிய நாளிலிருந்தே. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு அந்தக் கடனே இல்லை. இந்த மாதிரிப் படிப்புகளுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று கட்டிவிட்டார்கள். பல கல்லூரிகளில் கட்டணமே அதற்கு மேல். ஆகவே வாடகைக்கு என்ன செய்வது என்று இங்கேயும் இதே பேச்சுதான்.

சும்மா_ஒருவன்

இங்கே கோவில்பட்டி வீட்டுக்கே வழி தெரியவில்லை, டெக்சாஸ் எதற்கு.

மாவுக்கடை_அம்மா

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. என் மகள் படித்து முடித்து ஏழு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. அவள் கல்யாணத்துக்கு வீட்டின் மேல் ஏதாவது வாங்கலாம் என்றால் முடியவில்லை. கூரை ஒழுகியபோது கடன் கேட்டுப் போனேன், பத்திரம் எங்கே என்றார்கள். படிப்புக்கு வைத்தது தப்பு என்று சொல்லவில்லை. கட்டணத்துக்கு மட்டும் வைத்திருந்தால் சின்னதாக முடிந்திருக்கும். மெஸ் பணத்தை மாதாமாதம் மாவு விற்றே அனுப்பியிருக்கலாம். கடைசி இரண்டு வருடம் அப்படித்தான் அனுப்பினேன், முடிந்ததே.

கோவில்பட்டி_கதிர்

அம்மா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்தேன்.

இப்போது நாங்கள் போட்டிருக்கும் கணக்கு இது. மொத்தம் 15 லட்சத்தில் கடன் 7.5. மீதி 7.5ஐ அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,500. நான் 7,000, அப்பா 4,000. அம்மா தீபாவளி, பொங்கல் தையலில் வருவதைத் தனியாக எடுத்து வைப்பதாகச் சொல்கிறார். இன்னும் கொஞ்சம் இடிக்கிறது. உபகரணமும் பாட்டி ஆட்டோவும் இதில் இல்லை.

மூன்றாம்_வருடம்

அண்ணா, தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்தே உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியா? அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிக்கும் விரிவாக்கி, உங்கள் தூத்துக்குடியில்தான் தொடங்கி வைத்தார்கள். கல்லூரியில் இதற்கென்று ஒருவர் இருப்பார், சேர்ந்த முதல் வாரமே பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆயிரம்தானே என்று நினைக்காதீர்கள், என் கோட்டா மாதங்களில் அதுதான் கை கொடுத்தது.

அப்புறம், ஹாஸ்டல் கட்டாயமா என்று விசாரியுங்கள். எங்கள் கல்லூரியில் முதல் வருடம் மட்டும் கட்டாயம். இரண்டாம் வருடம் நாங்கள் நாலு பேர் கல்லூரிக்குப் பின்னால் ஒரு மாடி போர்ஷன் எடுத்தோம். வாடகை, கரன்ட், காஸ், மளிகை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,500க்குள் அடங்குகிறது. காலையில் ஒருத்தி சாதம், ஒருத்தி குழம்பு. குழம்பு வைக்கத் தெரியாதவள் பாத்திரம் கழுவுவாள். அது நான்.

பகுதி நேர வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காலை எட்டு மணி முதல் நாலு மணி வரை கல்லூரி, அப்புறம் ரெக்கார்டு. நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். அதற்கு மேல் போனால் அரியர் விழும், அரியர் விழுந்தால் ஆறு மாதம் பிந்தி முடிக்கும் அடிஷனல் பேட்ச். ஆறு மாத வாடகையும் சாப்பாடும் மறுபடி முதலிலிருந்து, வீட்டில் யாரும் அதற்குக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். டியூஷனில் வருவதைவிட அந்த ஆறு மாதம் நிறைய விழுங்கிவிடும்.

பல்மருத்துவி_மதுரை

இதை வழிமொழிகிறேன். அரியர் இல்லாமல் முடிப்பதுதான் பிடிஎஸ்ஸில் பெரிய சேமிப்பு. 6,500க்கு ஒரு திருத்தம்: அறையில் தண்ணீர் நன்றாக வருகிறதா என்று மே மாதம் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கோவில்பட்டி_கதிர்

நேற்று கிளைக்குப் போய் வந்தோம். சார் சொன்ன மாதிரி மூன்று தலைப்பாகப் பிரித்துக் கேட்டேன். முதலில், "ஹாஸ்டல் எல்லாம் வராதுப்பா" என்றார் கவுன்டரில் இருந்தவர். திட்டத்தில் இருக்கிறது, பாருங்கள் என்றதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கல்லூரிக் கடிதத்தில் ஹாஸ்டல் தொகை தனியாக இருக்க வேண்டும் என்றார். கடிதம் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறோம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாகிவிட்டது. 7.5 லட்சம், பத்திரம் இல்லை. அதில் ஹாஸ்டலுக்கு முதல் வருடம் மட்டும் எடுப்பதாக இருக்கிறோம், அதுவும் வட்டிச் சலுகை உறுதியானால்தான். அப்பாவுக்கு இன்னும் அரை மனதுதான். பத்திரத்தை மட்டும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற_மேலாளர்

நல்லது. அந்தக் கவுன்டர்காரரைத் திட்டாதீர்கள், ஐந்து வருடம் அவரிடம்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறை பணம் வாங்கும்போதும் முந்தைய வருட மதிப்பெண் பட்டியலும் ரசீதும் நகலெடுத்துக் கொண்டு போங்கள்.

மூன்றாம்_வருடம்

அண்ணா, அந்தப் பிரிக்காத செட் என்னிடம் அப்படியே இருக்கிறது. டைப்போடான்டும் உபயோகித்ததுதான், ஆனால் நன்றாக இருக்கிறது. தங்கச்சியின் கல்லூரியில் என்ன பட்டியல் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், பொருந்துவதை எடுத்துக்கொள்ளட்டும். வாசலில் விற்கிறவரிடம் மட்டும் முதல் நாளே வாங்கிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கோவில்பட்டி_கதிர்

ரொம்ப நன்றிம்மா. அடுத்த வாரம் அவளைச் சேர்க்க வருகிறோம், பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். பட்டியலை வாங்கி உங்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். என்ன விலை என்று தயங்காமல் சொல்லுங்கள். அம்மா கடலை மிட்டாய் இரண்டு கிலோ கட்டி வைக்கப் போவதாகச் சொல்கிறார், அது விலையில் சேராது.

பல்மருத்துவி_மதுரை

பல் டாக்டருக்குக் கடலை மிட்டாயா?